வாரம் கழித்து விரிசல் விட்ட கண்ணாடி மணிகள்: போரோசிலிக்கேட் அனீலிங் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சூளையிலிருந்து எடுத்தாயிற்று, கழுவியாயிற்று, துளைக்குள் ஒட்டியிருந்த மண்பூச்சையும் தேய்த்து எடுத்தாயிற்று. டப்பாவில் பஞ்சு விரித்து அடுக்கி வைத்த மணிகள். யாரும் கீழே போடவில்லை, சூடான எதன் அருகிலும் வைக்கவில்லை. சில வாரம் கழித்துத் திறந்தால் ஒன்றிரண்டில் துளை விளிம்பிலிருந்து நீளவாக்கில் மெல்லிய விரிசல். அடுத்த முறை திறந்தபோது இன்னும் சிலவற்றில்.

செய்தவர் சாஃப்ட் கிளாஸ் எனப்படும் சோடா-சுண்ணக் கண்ணாடியில் நெடுநாள் வேலை பார்த்தவர். போரோசிலிக்கேட்டுக்கு (போரான் சேர்ந்த, சூடு தாங்கும் கண்ணாடிக்கு) மாறிய பிறகுதான் இந்தத் தொல்லை. பழைய கண்ணாடியில் அனீலிங் (செய்த மணியைச் சூளையில் சரியான வெப்பத்தில் நிறுத்தி, பிறகு மெல்ல ஆற்றுவது) சரியில்லையென்றால் அன்றிரவே தெரிந்துவிடும். காலையில் சூளையைத் திறந்தால் மணி இரண்டாகக் கிடக்கும். இது அப்படியில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருந்து, விற்பனைக்குக் கட்டும் நேரத்தில் காலை வாருகிறது.

"சூளைக் கன்ட்ரோலர்ல 565 டிகிரி காட்டுதே அண்ணா. மெல்ல ஆறுற மாதிரிதான் புரோகிராமும் போட்டிருக்கேன். அப்புறம் ஏன் விரியுது?" என்று கேட்டார். விரிந்ததும் விரியாததுமாக ஒரு கலவையை அனுப்பச் சொன்னேன். "சூளையில எந்த இடத்துல இருந்துச்சு, எப்போ உள்ள போச்சுன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதிப் போடுங்க" என்றும் சொல்லியிருந்தேன். அவர் அந்தக் குறிப்பை ஒழுங்காக எழுதி அனுப்பியதால்தான் இந்த ஆய்வே முடிந்தது.

செய்முறை

மணிகள் பீப்பாய் வடிவம், குறுக்களவு 18 முதல் 20 மி.மீ. வரை. உள்ளே தெளிந்த போரோசிலிக்கேட், மேலே நிறக் கண்ணாடி, அதன்மேல் மறுபடி தெளிந்த ஓர் உறை. நிறங்களில் கோபால்ட் நீலம் உண்டு, வெள்ளி கலந்த பழுப்பு-ஊதா ரகங்கள் உண்டு, ஒளிபுகாக் கறுப்பும் உண்டு. ஆக்சிஜன்-புரோபேன் சுடர். 2.4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் களிமண் சார்ந்த ரிலீஸ் பூச்சு (மணி கம்பியிலிருந்து கழல உதவுவது) பூசி, அதன்மேல் கண்ணாடியைச் சுற்றுகிறார்.

சூளை முன்பக்கம் திறக்கும் சிறிய மின்சூளை. கதவில் மணி வேலைக்கென்றே ஒரு நீள்வெட்டு இருக்கிறது. மணி உள்ளே, கம்பியின் கைப்பிடி வெளியே என்று வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். வேலை நடக்கும் நேரம் முழுக்கச் சூளை 565 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. முடிந்த மணி ஒவ்வொன்றாக உள்ளே போகிறது. கடைசி மணி போனபின் 15 நிமிடம் அதே வெப்பம், பிறகு நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 480 வரை இறக்கம், அதன்பின் மின்சாரம் நிறுத்தம்.

15 நிமிடம் என்பது ஆரம்பத்தில் 1 மணி நேரமாக இருந்திருக்கிறது. வெள்ளி கலந்த நிறங்கள் சூளைக்குள் அதிக நேரம் கிடந்தால் தெளிவு போய்ச் சேற்று நிறமாகிவிடுகின்றன என்று அவரே குறைத்திருக்கிறார். இதை அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். நிறத்தைப் பொறுத்தவரை அவர் கணிப்பு சரிதான். அந்த ரகங்களில் வெள்ளி நுண்துகள்களாகத் திரண்டு வளர்வதால்தான் நிறமே வருகிறது; 565 டிகிரியில் அந்த வளர்ச்சி நிற்காமல் தொடரும், துகள் பெருத்தால் நிறம் மங்கும்.

விரிசலில் தெரிந்தது

முதல் வேலை, உடைந்த விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்ப்பது. விரிசல் கண்ணாடி இளகிய நிலையில் வந்திருந்தால், அல்லது விரிந்தபின் மறுபடி சுடர் பட்டிருந்தால், விளிம்பு மழுங்கியிருக்கும். இங்கே எல்லா விளிம்பும் கத்திபோல் கூராக இருந்தன. அப்படியானால் கண்ணாடி முழுக்க ஆறி இறுகியபின் வந்த விரிசல்.

அடுத்து, போகும் திசை. சுடரிலிருந்து சூளைக்குப் போகும் வழியில் ஒரு முனை குளிர்ந்துவிட்டால் அந்த முனையை ஒட்டி வளையமாக விரியும். நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் நிற எல்லையை ஒட்டியே விரிசல் ஓடும். இந்த மணிகளில் இரண்டும் இல்லை. துளையின் உட்சுவரில் தொடங்கி, துளைக்கு இணையாக நீளவாக்கில் ஓடி, நிற எல்லையைச் சட்டை செய்யாமல் குறுக்கே கடந்திருந்தது. சிலவற்றில் வெளிப்பரப்பை எட்டாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. துளைச்சுவர் சுற்றுவட்டத்தில் இழுபட்டுக் கிடக்கிறது, வெளிப்புறம் அமுங்கிக் கிடக்கிறது என்றால்தான் இப்படி ஒரு விரிசல் வரும்.

கம்பியின் மேல் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. கம்பி இறுக்கிப் பிடித்து மணியை உடைத்திருக்குமோ என்று பலரும் கேட்பார்கள். கணக்குப் போட்டால் அது நேர்மாறு. போரோசிலிக்கேட்டின் வெப்ப விரிவு எண் டிகிரிக்கு 3.3, எஃகுக்குச் சுமார் 17 (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில்). 520 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது 2.4 மி.மீ. எஃகு ஏறக்குறைய 0.02 மி.மீ. சுருங்குகிறது, அதே அளவுத் துளை 0.004 மி.மீ. மட்டுமே சுருங்குகிறது. கம்பி கண்ணாடியை விட்டு விலகுகிறது. ஆறும்போது கம்பியால் மணிக்கு நெருக்கடி இல்லை. ஆனால் கம்பியோடு சேர்த்து மறுபடி சூடாக்கினால் கதை வேறு. அது பிறகு வரும்.

கிளிசரினில் மறைந்த மணி

உள்ளே தகைவு (கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட இழுப்பும் அமுக்கமும்) இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவு பெற்றது, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிர்வது. திரை முழுவதையும் வெள்ளையாக்கி, கண்ணுக்கு முன், ஒரு தளத்து ஒளியை மட்டும் விடும் போலரைசர் தகட்டைப் பிடித்துத் திரை கறுத்துப்போகும்வரை சுழற்ற வேண்டும். இடையில் தகைவில்லாத கண்ணாடியை வைத்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். தகைவு இருந்தால் அந்த இடம் ஒளிரும்.

மணியில் ஒரு சிக்கல் உண்டு. வளைந்த பரப்பு ஒளியைத் திசைமாற்றி, எங்கும் மினுமினுப்பாகக் காட்டி ஏமாற்றும். அதற்குத்தான் கிளிசரின். போரோசிலிக்கேட்டின் ஒளிவிலகல் எண் 1.473-ஐ ஒட்டியது, தூய கிளிசரினுக்கும் ஏறக்குறைய அதேதான். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கிளிசரினை ஊற்றித் தெளிந்த மணியை இறக்கினால், மணியின் ஓரக்கோடு மறைந்து, துளையில் மிச்சமிருக்கும் வெண்பூச்சு மட்டும் அந்தரத்தில் ஒரு குழாய்போல் நிற்கும். இப்போது போலரைசர் வழியாகப் பார்த்தால் தெரிவதெல்லாம் தகைவு மட்டுமே. கிளிசரினில் தண்ணீர் கலந்திருந்தால் எண் இறங்கிவிடும், மணி முழுக்க மறையாது.

அவர் அனுப்பியவற்றில் விரியாத மணி ஒன்றைத் துளை நம்மை நோக்கி இருக்கும்படி வைத்தேன். கறுப்பில் ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு கால்களுக்கும் இடையே நான்கு வெள்ளைத் திட்டுகள். துளையை நெருங்க நெருங்க வெள்ளை அடர்ந்து, துளையின் ஓரத்தில் மஞ்சள் தட்டியது. மணியைச் சுழற்றினாலும் அந்தக் கூட்டல் குறி சுழலாமல் அப்படியே நின்றது. தகைவு துளையைச் சுற்றிச் சமச்சீராக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

வெள்ளை, மஞ்சள் என்பதை எண்ணாகவும் சொல்லலாம். இந்தக் கண்ணாடியில் 1 மெகாபாஸ்கல் (தகைவை அளக்கும் அலகு) தகைவு 1 செ.மீ. கனத்தில் 40 நானோமீட்டர் ஒளிப்பாதை வேறுபாட்டைத் தரும். மங்கிய சாம்பல் என்றால் 100 நானோமீட்டர் பக்கம், பளிச்சென்ற வெள்ளை என்றால் 200-ஐத் தாண்டியது, மஞ்சள் 300-ஐ ஒட்டியது. நல்ல அனீலிங் ஆன சிறு மணியில் சாம்பல்கூடத் தேடித்தான் பார்க்க வேண்டும். இது மஞ்சள்.

அதே டப்பாவிலிருந்த வேறு சில மணிகள் கிட்டத்தட்ட இருண்டே கிடந்தன. ஒரே நாளில், ஒரே கையால், ஒரே சூளையில் வெந்தவை. அவருடைய குறிப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒளிர்ந்தவை பெரும்பாலும் நாளின் கடைசியில் உள்ளே போனவை, கதவோரம் இருந்தவை. இருண்டவை காலையில் போய், புதிய மணிக்கு இடம்விட உட்புறம் தள்ளப்பட்டவை.

நிறத்தின் மேல் இருந்த சந்தேகம்

கதவோரம் என்று தெரிந்தவுடன் சூளையைப் பிரித்திருக்கலாம். ஆனால் அவருக்கு நிறங்களின் மேல்தான் சந்தேகம் இருந்தது, அதை முடிக்காமல் மேலே போவது சரியல்ல. நிற போரோசிலிக்கேட் கோல்கள் எல்லாம் தெளிந்த கண்ணாடியோடு அச்சு அசலாகப் பொருந்துவதில்லை. வெள்ளி, கோபால்ட், குரோமியம் என்று சேர்மானம் மாறும்போது விரிவு எண்ணும் சற்று அசையும்.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. இரண்டு கண்ணாடியையும் பக்கவாட்டில் ஒட்டி உருக்கி, கலந்துவிடாமல் மெல்லிய இழையாக இழுப்பது. ஆறியதும் இழை நேராக இருந்தால் பொருத்தம். வளைந்தால், வளைவின் உட்புறம் இருப்பது அதிகம் சுருங்கும் கண்ணாடி. கோபால்ட் நேராக வந்தது. பழுப்பு ரகம் ஒன்றில் லேசான வளைவு.

ஆனால் தீர்ப்புச் சொல்வது இழை அல்ல, மறு அனீலிங். சரியாக ஆறாததால் வந்த தகைவு, முறையாக மறுபடி அனீல் செய்தால் போய்விடும். பொருந்தாமையால் வந்தது போகவே போகாது. இறங்கும் வழியில் ஒவ்வொரு முறையும் திரும்ப உருவாகும். ஒளிர்ந்த மணிகளில் சிலவற்றை என் சூளையில் 560 டிகிரியில் 1 மணி நேரம் வைத்து இறக்கிப் பார்த்தபோது, துளையைச் சுற்றியிருந்த ஒளி அணைந்துவிட்டது. அந்தப் பழுப்பு ரக மணிகளில் மட்டும் நிற எல்லையை ஒட்டி மெல்லிய சாம்பல் கோடு மிஞ்சியது. பொருந்தாமை இருக்கிறது, ஆனால் சிறியது. விரிசலுக்குக் காரணம் அதுவல்ல.

கதவோரத்து வெப்பம்

கன்ட்ரோலர் தன் தெர்மோகப்பிளின் (சூளைக்குள் வெப்பம் அளக்கும் உணரியின்) முனையில் உள்ள வெப்பத்தைக் காட்டுகிறது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. இந்தச் சூளையில் அந்த முனை பின்சுவரில், மேற்பக்கம், சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. மணிகள் இருந்ததோ முன்னால், நீள்வெட்டுள்ள கதவை ஒட்டி. கைப்பிடிகள் வெளியே நீட்டியிருப்பதால் வெட்டு முழுதாக மூடுவதும் இல்லை.

இரண்டாவது தெர்மோகப்பிள் ஒன்றை நீள்வெட்டு வழியாக விட்டு, மணி இருக்கும் இடத்தில் முனை நிற்கும்படி வைத்துப் பார்க்கச் சொன்னேன். கன்ட்ரோலர் 565 காட்டிய நேரத்தில் கதவோரம் 520-ஐ ஒட்டி நின்றது. ஒரு மணியை உள்ளே வைக்கத் திறந்து மூடினால் 500-க்குக் கீழே போய்ச் சில நிமிடம் கழித்துத்தான் மீண்டது. உட்புறம், அரைச் சூளை ஆழத்தில், 555.

கருவியில் பழுது இல்லை. கே வகைத் தெர்மோகப்பிளுக்கு அனுமதிக்கப்படும் பிழை 0.75 சதவீதம், இந்த வெப்பத்தில் அது 4 டிகிரிதான். 45 டிகிரி வித்தியாசம் முனை இருந்த இடத்தால் வந்தது.

45 டிகிரி அவ்வளவு பெரிதா என்றால், அனீலிங்கில் மிகப் பெரிது. இந்தக் கண்ணாடியின் அனீலிங் புள்ளி 560 டிகிரி; அங்கே உள்தகைவு 15 நிமிடத்தில் தளர்ந்துவிடும். ஸ்ட்ரெயின் புள்ளி என்பது 510-520 டிகிரி. அதே தளர்ச்சிக்கு அங்கே 4 மணி நேரம் வேண்டும். இந்த எல்லையில் வெப்பம் 30 டிகிரி சொச்சம் இறங்கினால் கண்ணாடியின் பாகுநிலை ஏறக்குறைய 10 மடங்கு ஏறுகிறது. அதாவது அவர் கொடுத்த 15 நிமிடம், 560-இல் இருந்திருந்தால் போதுமானது. 520-இல் அது இருந்தும் இல்லாததுபோல்தான். காலையில் போன மணிகள் பகல் முழுக்க உள்ளே கிடந்து, அந்த நீண்ட நேரத்தின் தயவில் பிழைத்தன. கடைசி மணிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

முன்பு 1 மணி நேரம் வைத்தபோது ஏன் பிரச்சினை வரவில்லை என்றும் கேட்டார். வந்திருக்கும், அளவு குறைவாக. அந்தக் காலத்து மணி ஒன்றையும் பார்த்தேன்; துளையோரம் தெளிவான சாம்பல் இருந்தது. விரியும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கண்ணாடி ஏன் உடனே காட்டிக்கொடுப்பதில்லை

20 மி.மீ. மணியைச் சுடரிலிருந்து எடுத்துக் காற்றில் பிடித்தால், கதிர்வீச்சிலேயே வெப்பம் வேகமாகப் போகிறது. மேற்பரப்பு 600 டிகிரி பக்கம் இருக்கும்போது மையம் அதைவிட 100 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்க முடியும். இந்த நிலையில் வெளித்தோல் இறுகிவிட்டால், மையம் பிறகு அதிகமாகச் சுருங்க வேண்டும். தோல் விடாது. தோல் அமுக்கத்திலும் உள்ளே துளைச்சுவர் இழுவிசையிலும் நிரந்தரமாக மாட்டிக்கொள்கின்றன. சூளையின் வேலையே இந்தப் பிடியைத் தளர்த்துவதுதான்.

பிடி எவ்வளவு வலுவானது என்பது கண்ணாடியைப் பொறுத்தது. சுருங்க முடியாதபடி முழுக்கப் பிடித்து வைத்தால், 1 டிகிரி வேறுபாட்டுக்குப் போரோசிலிக்கேட்டில் சுமார் 0.26 மெகாபாஸ்கல் எழும். சோடா-சுண்ணக் கண்ணாடியில் 0.8-ஐ ஒட்டி. உருண்ட மணியின் நடுவில் இதில் பாதிக்கும் குறைவாகவே வரும். ஆக அதே அலட்சியம் சாஃப்ட் கிளாஸில் 30 மெகாபாஸ்கலை எட்டும், இங்கே 10-ஐ ஒட்டி நிற்கும். முன்னது அன்றிரவே மணியைப் பிளக்கும். பின்னது பிளக்காது. ஆனால் பாதுகாப்பும் இல்லை. இதே கண்ணாடியில் ஆய்வகச் சாதனங்களை வடிவமைப்பவர்கள் ஏற்றுக்கொள்ளும் இழுவிசை வரம்பு 7 மெகாபாஸ்கல்தான்.

போரோசிலிக்கேட் "தாங்கும்" என்ற பெயர் இங்கே கெடுதல் செய்கிறது. அது தாங்குவது திடீர் வெப்ப மாற்றத்தை. அனீலிங் செய்யாமலே நாள்கணக்கில் முழுசாக இருக்கும் மணியைக் காட்டி, போரோவுக்கு இதெல்லாம் அவசியமில்லை என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெர்மிகுலைட் தூளிலோ இழைப்போர்வையிலோ புதைத்து வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். அது மணி உடனடியாக வெடிக்காமல் காக்கும். 560-ஐ ஒட்டி நிறுத்திவைக்காது, ஆகவே தகைவையும் தளர்த்தாது.

இனி, ஏன் வாரம் கழித்து? துளைச்சுவர் மணியிலேயே கரடான பரப்பு. பூச்சின் மணல்மணலான அச்சு அதில் பதிந்திருக்கும். அதோடு, பூச்சை எடுக்க வைரத்தூள் ஒட்டிய ரீமரைத் தண்ணீரில் நனைத்து உள்ளே விட்டுத் திருகுகிறோம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைய விழுகின்றன, இழுவிசை அதிகமாக இருக்கும் அதே இடத்தில். இழுபட்ட கீறலின் நுனியில் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பை நீர் மூலக்கூறு மெல்ல வெட்டும். காற்றின் ஈரப்பதமே அதற்குப் போதும். கீறல் மிகமிக நிதானமாக வளர்கிறது. ஒரு கட்டத்தில் அதன் நீளம் எல்லையைத் தாண்டியதும் மீதியைக் கண்ணாடியே ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. டப்பாவுக்குள் யாரும் தொடாமல் விரிந்ததன் மர்மம் இதுதான். உள்தகைவு இல்லாத மணியிலும் அதே ரீமர், அதே கீறல், அதே ஈரம் உண்டு. கீறலைத் திறந்து பிடிக்க ஆள் இல்லை என்பதால் அது வளர்வதில்லை.

மாற்றியவை

மணிகளைக் கதவை விட்டு நகர்த்துவதுதான் முதல் திருத்தம். கம்பியின் கைப்பிடி வெளியே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் வேலை நேரத்துக்கு மட்டுமே. கடைசி மணி போனதும் எல்லாக் கம்பிகளையும் முழுசாக உள்ளே தள்ளி, நீள்வெட்டை இழைப்போர்வைத் துண்டால் அடைத்துவிட வேண்டும். இதை மட்டும் செய்தபோதே மணி இருக்கும் இடத்தில் 550-க்கு மேல் வந்துவிட்டது. கன்ட்ரோலர் இலக்கைச் சற்று உயர்த்தி, மணியருகே 560 நிற்கும்படி வைத்தோம். பின்சுவர்ப் பக்கம் 575 ஆனது; கண்ணாடி இளகும் புள்ளி 820-ஐத் தாண்டியிருக்க, இதனால் மணி உருக்குலையாது.

அடுத்தது நிறச் சிக்கல். இங்கேதான் கொஞ்சம் பேரம் பேச வேண்டியிருந்தது. நேரத்தைக் கூட்டினால் வெள்ளி நிறம் கெடும், குறைத்தால் துளை விரியும். பகல் முழுக்க 565-இல் வைக்கும் பழக்கத்தை விட்டு, வேலை நடக்கும்போது சூளையை 510-இல் நிறுத்தி, எல்லா மணியும் சேர்ந்தபின் ஒரே முறையாக 560-க்கு ஏற்றுவது என்று முடிவானது. 510-இல் மணி உடையாமல் காத்திருக்கும். வெள்ளித் துகள்களின் வளர்ச்சியும் வெகுவாக மந்தமாகும். அனீலிங் என்பது இறுதியில் எல்லாருக்கும் ஒரே அளவாக 40 நிமிடம். காலை மணிக்கும் மாலை மணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது இதில் கிடைத்த உபரி லாபம். அவர் இதைத்தான் பெரிதாகக் கொண்டாடினார், விரிசல் நின்றதை அல்ல.

இறக்கும் வேகத்தில் நான் கைவைக்கவில்லை. நிமிடத்துக்கு 1 டிகிரி என்பது இந்த அளவு மணிக்குத் தேவைக்கு மிஞ்சிய பொறுமை. 20 மி.மீ. மணியை நிமிடத்துக்கு 5 டிகிரி இறக்கினாலும் மையத்துக்கும் மேற்பரப்புக்கும் 2 டிகிரிக்குச் சற்று மேல்தான் வித்தியாசம் வரும். அதனால் தங்கும் தகைவு 1 மெகாபாஸ்கலில் பாதியைக்கூடத் தொடாது. மெல்ல ஆற்றுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு முன் சரியான வெப்பத்தில் நின்றதா என்பதை யாரும் கேட்பதில்லை. பெரிய மணி செய்தால் மட்டும் கவனம் வேண்டும். வித்தியாசம் குறுக்களவின் வர்க்கத்தில் ஏறும். 40 மி.மீ. மணியில் அதே வேகம் 9 டிகிரி கொடுக்கும். வேகத்தைக் கால் பங்காக்க வேண்டும்.

கையிருப்பில் இருந்த, இன்னும் விரியாத மணிகளை மீட்க முடிந்தது. அவற்றுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கம்பி துளைக்குள் இருக்கக் கூடாது. ஏறும் வழியில் எஃகு கண்ணாடியைவிட ஐந்து மடங்கு விரியும். உதிர்ந்த பூச்சு இடைவெளியில் சிக்கியிருந்தால் கம்பி ஆப்புபோல் உள்ளிருந்து பிளக்கும். இரண்டு, ஏற்றம் மெதுவாக இருக்க வேண்டும். சூடு ஏறும்போது வெளித்தோல் முதலில் விரிந்து உள்ளே இருப்பதை இழுக்கிறது. துளைச்சுவரில் ஏற்கெனவே உள்ள இழுவிசையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். அந்த மணிகளை நிமிடத்துக்கு 3 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். 500-ஐத் தாண்டிவிட்டால் பயமில்லை.

விரிந்துவிட்டவற்றை அனீலிங் ஒட்டவைக்காது. 560 டிகிரியில் கண்ணாடி அந்த அளவுக்கு ஓடாது. விரிசலுக்குள் போன நீரும் ரீமர்த் தூளும் வேறு அங்கேயே இருக்கும். சுடரில் உருக்கி மூட முயன்றால் குமிழ்தான் மிஞ்சும். அவற்றை ஒதுக்கிவிட்டார்.

கறுப்பு மணிகள் ஒரு தனிக் கேள்வி. ஒளி புகாததால் போலரைசரில் எதுவும் தெரியாது. அடர்ந்த கோபால்ட்டிலும் அதே கதைதான். அதற்கு இப்போது ஒவ்வொரு முறையும் அதே அளவில் தெளிந்த கண்ணாடி மணி ஒன்றைச் செய்து, கடைசி ஆளாக, கதவுக்கு மிக அருகே வைக்கிறார். மறுநாள் அதை மட்டும் கிளிசரினில் போட்டுத் திரைக்கு முன் பார்க்கிறார். அது இருண்டிருந்தால் மற்றவை டப்பாவுக்குப் போகின்றன. ஒளிர்ந்தால், ரீமர் விடுவதற்கு முன்பே முழுத் தட்டும் கம்பி நீக்கப்பட்டு மறுபடி சூளைக்குப் போகிறது. பழுப்பு ரகத்தின் அந்தச் சாம்பல் கோட்டுக்கு இன்னும் வழி காணவில்லை; இப்போதைக்கு அந்த நிறத்தைக் கனமான பட்டையாகச் சுற்றாமல் மெல்லிய கோடுகளாக மட்டும் இடுகிறார், மேலே தெளிந்த உறையும் இல்லாமல்.